பாண்டியின் தாடி கறுத்தபோது

எங்கள் வீடு நியூசிலாந்தில், ஆக்லாந்தின் தகனினிப் பகுதியில் இருக்கிறது. மூத்த மகள் ஆசைப்பட்டதால் பியர்டட் டிராகன் என்னும் தாடி ஓணானை வளர்க்கிறோம், பெயர் பாண்டி. சென்ற குளிர்காலத்தில் திடீரென்று அதன் தாடி கறுத்துப்போய், வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. குளிர்தான் காரணமென்று நினைத்து, ஜன்னல்களை இறுக மூடி ஹீட்டரைக் கூட்டினேன். நிலைமை இன்னும் மோசமானது.

கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு விலங்கு மருத்துவரிடம் ஓடினோம்.

"வீட்டில் யாராவது புகைபிடிப்பீர்களா?" என்று கேட்டார்.

"இல்லவே இல்லை" என்றேன்.

"பாப்பாவைக் குளிப்பாட்டுற அன்னிக்கெல்லாம் நம்ம ஹால்ல மேகமே எறங்குதேம்மா, அது என்னவாம்?" என்றார் கணவர்.

குழந்தையின் தலை ஈரம் காய நான் போடும் சாம்பிராணியைச் சொன்னார். பாண்டியின் கூண்டும் அதே ஹாலில்தான். தயங்கித் தயங்கி மருத்துவரிடம் சொன்னேன். புகை அதன் நுரையீரலைப் பாதித்திருக்கலாம் என்றவர், என் மடியில் இருமிய குழந்தையைப் பார்த்து, "இவளுக்கு எத்தனை நாளாக இருமல்?" என்றார். சாதாரணச் சளி என்றே நினைத்திருந்த நான், சாம்பிராணி போட்ட நாட்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்.

மருந்தில் பாண்டி பிழைத்தது. குழந்தையின் இருமலும் மெல்ல நின்றது. இப்போது சாம்பிராணி போடுவதில்லை. துண்டால் தலையைத் துவட்டுவதோடு சரி. ஆனாலும் அவள் தூங்கியதும், குனிந்து மூச்சைக் கேட்காமல் என்னால் அறையை விட்டு நகர முடிவதில்லை.