அக்கா அளந்த வீடு

ஆளைப் பார்த்தாலே என் அக்காவுக்கு அளவு தெரிந்துவிடும். டேப்பை எடுப்பதெல்லாம் வந்தவர்களின் மனத்திருப்திக்குத்தான். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள எங்கள் பக்கத்தில் ஆளில்லை. இருபத்தாறு வருடத்தில் அவள் தைத்த சட்டை ஒன்றுகூட இறுக்கிப் பிடிக்கிறது என்று திரும்பி வந்ததில்லை. இதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. என்ன அளவு வந்தாலும் கொஞ்சம் கூட்டித்தான் நோட்டில் எழுதுவாள்.

"வளர்ற பிள்ளைங்க. இன்னைக்கு இருக்குற அளவுக்குத் தைச்சா ஆறு மாசத்துல தொப்புள் தெரியும்" என்பாள். கூட விட்ட துணியை உள்ளே மடித்துத் தைத்துவிடுவாள். பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். எனக்குப் பத்து வயதில் தைத்துக் கொடுத்த பாவாடையைப் பதினாலு வயதுவரை உடுத்த வைத்தாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அத்தான் பஸ் ஓட்டுகிறார். விடிவதற்கு முன்னால் போவார், இருட்டியபின் வருவார். பேசினால் டீசல் செலவாகும் என்று நினைக்கிற ஆள். வீட்டுக்கு வரும் தபாலையெல்லாம் பிரிக்காமல் ஃப்ரிட்ஜுக்கு மேல் வைத்துவிடுவார். அங்கே போன தபால் அங்கேயே இருக்கும். அதனால்தான் வீட்டுக் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒரே வாரத்தில் மூன்று கவர்கள் வந்தது எனக்கும் அக்காவுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

முதல் காகிதத்தில் போன வருடத் தொகையே இருந்தது. இரண்டாவது 'திருத்தப்பட்ட அறிவிப்பு'. அதில் தொகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மூன்றாவதில் அதற்கும் மேலே ஒரு தொகை, அதற்குக் கீழே அடுத்த சனிக்கிழமை கடைசித் தேதி, அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் 'இது பில் அல்ல'.

"பில் இல்லைன்னா கடைசித் தேதி எதுக்குடி போட்டிருக்கான்?" என்று கேட்டாள் அக்கா.

நியாயமான கேள்வி. நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். டாக்டர்களின் கையெழுத்தையே கண்ணை மூடிக்கொண்டு படிப்பவள். அழகாக அச்சடித்த இந்த மூன்று காகிதங்களில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒன்று மட்டும் புரிந்தது. அந்த இரண்டு மடங்கைக் கட்ட அவர்களால் முடியாது. கட்டாமலும் இருக்க முடியாது. காப்பீடு இல்லாவிட்டால் வீட்டுக் கடனைக் கொடுத்த வங்கி சும்மா விடாது. அக்கா காகிதங்களை மடித்து வைத்தாள். பிறகு, "முன் ரூமை வாடகைக்கு விட்டுடலாம்" என்றாள்.

முன் அறை என்பது வெறும் அறை இல்லை. தெருப் பக்கம் அகலமான ஜன்னல், அதனடியில் தையல் மெஷின், சுவர் முழுக்கத் தொங்கும் வெள்ளைச் சட்டைகள். வாடிக்கைக்காரர்கள் தெருவிலிருந்து நேரே உள்ளே வருவது அந்த அறைக்குத்தான். அது போனால் மெஷின் அடுப்பங்கரைக்குப் போகும். எண்ணெய் தெறிக்கிற இடத்தில் வெள்ளைச் சட்டை தைக்க யார் கொடுப்பார்கள்? ஒரே வருடத்தில் தொழிலே படுத்துவிடும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே டேப்பை வைத்து, மெஷின் நுழையுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அறையைப் பார்க்க அன்று சாயங்காலமே ஒருவர் வந்தார். கண்ணாடிக் கடையில் வேலை. அடுத்த ஞாயிறு பெட்டியோடு வந்துவிடுவதாகச் சொல்லிப் போனார். அத்தான் வழக்கம்போல வாயே திறக்கவில்லை. இப்படியும் ஒரு மனுஷனா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போன் போட்டோம். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, காத்திரு என்றது. போனை மேஜைமேல் வைத்துவிட்டு, அதில் வந்த சங்கீதத்துக்குத் தலையாட்டியபடி அக்கா இரண்டு காலர் தைத்து முடித்தாள். மூன்றாவது காலரில் லைன் கட்டாகிவிட்டது.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆளு இல்ல. நேர்ல போலாம் வா" என்றாள்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அவளை அந்த அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த ஒரு அதிகாரி மூன்று காகிதங்களையும் வரிசையாகப் பரப்பினார்.

"இது பழைய கணக்கு. இது புதுக் கணக்கு. இது ரெண்டையும் சேர்த்து ஒரு சுருக்கம்."

"அப்ப பில் எதுங்க?"

"பில் இனிமேதான் வரும்மா. இது மூணும் தகவல்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.

"தொகை ஏன் சார் ஏறிச்சு?" என்றாள் பணிவாக.

"உங்களுது பெரிய வீடும்மா. ஆயிரம் சதுர அடிக்கு மேல. இந்த வருஷத்துல இருந்து அதுக்குத் தனி வகுப்பு."

"பெரிய வீடா? சார், எட்டு நிமிஷத்துல கூட்டி முடிச்சிருவேன்!"

"நீங்க எழுதிக் குடுத்த அளவுதாம்மா" என்று அவர் ஏழு வருடத்துக்கு முந்தைய படிவத்தை எடுத்து நீட்டினார். வீடு வாங்கிய புதிதில் உரிமையாளரே அளந்து நிரப்பித் தரவேண்டிய படிவம். ஐந்து அறைக்கும் நீளம், அகலம் அக்காவின் குண்டு குண்டு எழுத்தில் இருந்தன. கூட்டினால் ஆயிரத்து இருபத்திரண்டு.

அக்கா அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். காது மடல் சிவந்துவிட்டது.

"கூட விட்டுட்டேன்டி" என்றாள் மெதுவாக.

"என்னது?"

"ஒவ்வொரு செவுத்துக்கும் அரை அடி கூட விட்டிருக்கேன். டேப்பைக் கையில எடுத்தா அப்படித்தான் வருது."

அதிகாரிக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். அவள் தொழிலைச் சொன்னேன். கோபம் வந்த வேகத்தில் என் பாவாடைக் கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து மேஜைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏம்மா, வீடு வளருமா?"

"வளராதுதான் சார். கை கேக்கணுமே!"

சிரித்து முடித்துவிட்டு அவர் ஒரு திருத்தப் படிவம் கொடுத்தார். இதில் கையெழுத்துப் போட்டால் ஆள் அனுப்பி அளந்து பார்ப்பார்கள். அளவு குறைந்தால் பழைய வகுப்புக்கே போய்விடலாம். அக்கா பேனாவைத் திறந்தாள். 'நான் கொடுத்த அளவு தவறானது' என்ற வரியைப் பார்த்தாள். பேனாவை மூடினாள்.

"நான் தப்பா அளக்கல."

"யானைக்கும் அடி சறுக்கும்மா" என்றார் அவர்.

"எனக்குச் சறுக்கல சார். தாராளமா அளந்திருக்கேன். அது வேற, இது வேற."

அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். சின்ன வயதிலிருந்து நான் பார்க்காததா? அவள் காதுக்குள், "அக்கா, ரூம் போயிடும்" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பேனா திறக்கவில்லை. இருபத்தாறு வருடமாக ஊரார் அவளை நம்பியது அந்த ஒரு விஷயத்துக்காகத்தானே.

நல்லவேளை, அந்த மனிதர் நல்லவர். படிவத்தின் அடியில் 'வேறு காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டினார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினாள்: 'வளர்வதற்காக விட்ட அளவும் சேர்ந்துவிட்டது.' அவர் அதன்மேல் முத்திரை குத்தினார்.

வெள்ளிக்கிழமை அளவெடுக்க ஒரு பெண் வந்தாள். சுவரில் சிவப்புப் புள்ளி விழும் ஒரு கருவியை அழுத்தினாள், அளவு வந்துவிட்டது. அக்கா டேப்போடு அவள் பின்னாலேயே போய் அறைக்கு அறை சரிபார்த்தாள். ஓரிடத்திலும் நூலளவு வித்தியாசம் இல்லை.

"பரவாயில்ல, உன் மெஷினு சரியாத்தான் அளக்குது" என்று சான்றிதழ் கொடுத்தாள்.

மொத்தம் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று. அந்தப் பெண் அங்கேயே நின்று அலுவலகத்தோடு பேசி, போன வருடத் தொகையே போதும் என்று எழுதிக் கொடுத்தாள். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அறுபத்தைந்து கிலோ மனுஷி! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அந்தப் பெண்ணையும் அவள் சும்மா அனுப்பவில்லை. "தோள்ல பிடிக்குது பாரு, கழட்டு" என்று மேல்கோட்டை வாங்கி, பத்து நிமிடத்தில் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள்.

இருட்டியதும் அத்தான் வந்தார். நடந்ததை அக்கா மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"ஐயய்யோ, அந்தக் கண்ணாடிக் கடைக்காரரு! ஞாயித்துக்கிழமை பெட்டியோட வந்து நிப்பாரே. அவருகிட்ட எந்த மூஞ்சியோட இல்லைன்னு சொல்றது?"

அத்தான் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு ஷூவைக் கழற்றிக்கொண்டே, "வரமாட்டாரு" என்றார்.

"ஏன்?"

"திங்கக்கிழமையே வேணாம்னு சொல்லிட்டேன்."

அக்கா அவர் முன்னால் வந்து நின்றாள். "அப்ப பணத்துக்கு?"

அவர் இன்னொரு ஷூவை ரொம்ப நேரம் கழற்றினார். "ஒரு வருஷத்துக்கு ஞாயித்துக்கிழமை டூட்டியும் எழுதிக் குடுத்தேன். நீ அடுப்பு பக்கத்துல அளந்துட்டு இருந்ததைப் பார்க்க முடியல."

இவரையா நான் மனுஷனா என்று கேட்டேன்? தலையைக் குனிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவர்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். மற்ற நாளெல்லாம் ஒருவர் சாப்பிட்ட தட்டைத்தான் மற்றவர் பார்ப்பார்.

அக்கா கொடியில் கிடந்த சட்டையை எடுத்து அவர்மேல் எறிந்தாள். குரல் உடைந்திருந்தது, முகம் மட்டும் விளக்குப் போட்டதுபோல் இருந்தது.

"மாட்டிட்டுக் கிளம்புங்க. இப்பவே டிப்போவுக்குப் போயி பேரை அடிச்சிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமைகூட நீங்க இல்லாத வீட்டுக்கு எதுக்குங்க இன்சூரன்ஸ்?"

கழற்றிய ஷூவை அத்தான் மறுபடியும் மாட்டிக்கொண்டார்.