மனைவியின் ஒத்துழைப்பு

அந்தக் காரைச் சரிசெய்தது அக்காதான். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லவேண்டிய இடத்தில், சொல்லவேண்டியவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும் அதில் சேர்த்திதான்.

நாங்கள் இருவரும் ஒரு பல் லேபில் வேலை பார்க்கிறோம். டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். நாங்கள் பல் செட்டோ, பல்லுக்கு மாட்டுகிற கேப்போ செய்து திருப்பி அனுப்புவோம். பத்தொன்பது வருடமாக அக்காவுக்கு அடுத்த மேஜை என்னுடையது. அவருக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. கூடப்பிறந்தவர் இல்லை என்றாலும் லேபில் எல்லோருக்கும் அவர் அக்காதான். கடைவாய்ப் பல் மேலும் கீழும் சேரும் இடத்தில் ஒரு முடியளவு உயரம் கூடியிருந்தாலும், செய்ததை அப்படியே தள்ளி வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். அக்கா காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

கார் அவருடைய பெரியப்பாவினுடையது. பெரியப்பா டாக்டர், இளவயதில் ஆசைப்பட்டு வாங்கியது. இரண்டே பேர் உட்காரலாம். நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள், மேலே மடக்குகிற கான்வாஸ் கூரை. முதுகுவலி வந்து அவர் ஓட்டுவதை நிறுத்தியபோது அக்காவுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அப்புறம் இருபத்து நான்கு வருடம் அது வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. நின்றது என்பதே மரியாதைக்குச் சொல்வது. நான்கு டயரும் காற்றுப் போய்த் தரையோடு உட்கார்ந்துவிட்டன. உடைந்த நாற்காலி, பெயிண்ட் டப்பா, பழைய மெத்தை என்று வீட்டில் வைக்க இடமில்லாத எல்லாம் அதன் தலையில் ஏறின. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியது.

பெரியப்பா போனதும் பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். காரை இரும்புக்கடைக்காரனிடம் தள்ளிவிடப்போவதாகத் தெரிந்து அக்கா போய்க் கேட்டார். பெரியப்பாவின் மூத்த மகனுக்குச் சிரிப்பு. தாராளமாக எடுத்துக்கொள், ஆனால் உன் வீட்டுக்காரரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது என்றாராம். பதிவுப் புத்தகத்தை அக்கா பேருக்கு மாற்றிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். லாரியில் ஏற்றி வந்து வீட்டு முன்புறம் போர்ட்டிகோவில் இறக்கினார்கள். அதுவரை அங்கே நின்ற ஸ்கூட்டர் தெருவுக்குப் போனது.

ஸ்கூட்டர் அக்காவின் கணவருடையது. அவர் நூலகர். சாதுவான மனிதர். ஸ்பானரையும் ஸ்க்ரூ டிரைவரையும் பக்கத்தில் வைத்தால் எது எதென்று யோசிப்பார். ஆனால் அந்த மாடலுக்கான பழுதுபார்ப்புக் கையேட்டை எங்கெங்கோ எழுதிப் போட்டு, ஜெராக்ஸ் எடுத்து வரவழைத்தது அவர்தான். முந்நூறு பக்கம், எல்லாம் ஆங்கிலம். காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழு நாள் என்று அக்கா காருக்கு அடியில் கிடப்பார்; கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து படித்து அர்த்தம் சொல்வார், இருட்டான இடத்துக்கு விளக்குப் பிடிப்பார். அது சின்ன உதவி இல்லை. சின்ன உதவி என்று அக்காவும் ஒருநாளும் சொன்னதில்லை.

மற்றதெல்லாம் அக்காவின் கை. இன்ஜின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பிளக் துவாரங்களில் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவைத்து, தினமும் காலையில் நீளமான ஒரு கம்பியைப் போட்டு மெல்லத் திருப்பிப் பார்த்தார். நாற்பத்தோரு நாள் அசையவில்லை. மறுநாள் ஒரு விரல்கடை நகர்ந்தது. அன்று லேபில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எதற்கென்று சொல்லவில்லை. காரின் தரை அரித்துப் போய்க் கால் வைத்தால் ரோட்டில் வைக்கிற நிலை. தெருக்கோடியில் கேட் செய்கிறவரிடம் மூன்று மாதம் போய் வெல்டிங் கற்றுக்கொண்டு தகடு வெட்டி ஒட்டினார். முழங்கை வரை பொட்டுப் பொட்டாகத் தீக்காயம். எலி தின்ற வயர்களை ஒவ்வொன்றாக நிறம் பார்த்து வரைந்து வைத்துக்கொண்டு புதிதாக இழுத்தார்.

கியர் குச்சியின் தலையில் இருக்கவேண்டிய குமிழைக் காணோம். எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கையேட்டில் இருந்த படத்தைப் பார்த்து மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, பல் செட் செய்கிற அக்ரிலிக்கிலேயே வார்த்தார். நிறம் பார்த்துச் சொன்னது நான். ஏ-டூ. எங்கள் தொழிலில் அது நாற்பது வயதுக்காரரின் முன்பல் நிறம்.

இப்படி ஏழு வருடம். அதில் ஒருநாள் நான் அக்காவிடம், "சார் வண்டி வேலைய எவ்வளவு தூரம் முடிச்சிருக்காரு?" என்று கேட்டேன். கையெல்லாம் தீக்காயத்தோடு என் எதிரில் நின்றவரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எந்த சாரு?" என்றார். பாலிஷ் மிஷினைப் போட்டார்.

எட்டாம் வருடம் பழைய கார் பிரியர்கள் சங்கம் ஒன்று மைதானத்தில் கண்காட்சி வைத்தது. நானும் வீட்டாரோடு போயிருந்தேன். அக்கா காரை ஓட்டி வந்து வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்த நேரத்தில், பதிவு மேஜையில் இருந்தவர் கணவரைப் பார்த்து, சார் பேர் என்ன என்று கேட்டார். இவர் தன் பேரைச் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். வண்டி யார் பேரில் இருக்கிறது என்று புத்தகத்தைப் புரட்டக்கூட இல்லை.

நடுவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். கையில் அட்டை, தலையில் தொப்பி. நேராகக் கணவரிடம் வந்து இன்ஜினைப் பற்றிக் கேட்டார். கணவர் அப்போது உண்மையைத்தான் சொன்னார், அதை மறைக்கக்கூடாது. எல்லாம் தன் மனைவி செய்தது என்றார். நடுவர் அவர் தோளைத் தட்டிச் சிரித்தார். வீட்டில் சமாதானம் முக்கியம்தான் என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கணவரும் சிரித்துவிட்டார்.

அக்கா முன்னால் வந்து, "சார், இந்த இன்ஜினை இறக்கிப் பிரிச்சு மாட்டினது நான்" என்றார்.

"கேக்கவே சந்தோஷமா இருக்கும்மா. எங்க வீட்டம்மா கார் கதவைக்கூடத் தொடமாட்டாங்க."

சொல்லிவிட்டு மறுபடி கணவரிடமே திரும்பிக்கொண்டார். கியர் குமிழைத் தடவிப் பார்த்து, ஒரிஜினல் எங்கே பிடித்தீர்கள் என்று பாராட்டினார். பதில் வருவதற்குள் அடுத்த காருக்குப் போய்விட்டார். அவர் தடவியது பல் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

சாயங்காலம் முதல் பரிசு அந்தக் காருக்குத்தான். மேடைக்குக் கூப்பிட்டது கணவரை. அக்கா அவரைப் பார்த்தார். போய்ச் சொல்லுங்கள் என்பதுபோல. அவர் தன் பேர் போட்ட கோப்பையை வாங்கினார். மைக்கைக் கொடுத்தார்கள். சங்கத்துக்கு நன்றி என்றார். ஏழு வருட உழைப்பு என்றார். பிறகு, "என் மனைவியோட ஒத்துழைப்பு இல்லாம இது நடந்திருக்காது" என்றார்.

ஒரே கைதட்டல். நானும் தட்டினேன். பக்கத்தில் தட்டுகிறார்களே என்று தட்டினேன். நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

திரும்பும் வழியில் நடந்ததை அக்கா பிறகு சொன்னார். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கணவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். பாதி வழியில் அக்கா வண்டியை ஓரம் கட்டினார்.

"மைக் உங்க கையில இருந்துச்சு" என்றார்.

"திடீர்னு கூப்பிட்டாங்க. என்ன பேசறதுன்னே தெரியல."

"தெரியாமலா ஒத்துழைப்புன்னு வந்துச்சு? 'நான் செய்யல'ன்னு ரெண்டு வார்த்தை. அது மட்டும் வரலையா?"

அவர் மடியில் இருந்த கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நல்லா இருந்துச்சு. அத்தனை பேரு கை தட்டினது. முப்பது வருஷமா லைப்ரரில இருக்கேன், ஒருத்தரும் எனக்குக் கை தட்டினதில்ல" என்றார்.

பொய் சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும், மனசுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டதால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது என்றார் அக்கா.

அடுத்த மாதம் சங்கத்தின் பத்திரிகையில் படம் வந்தது. காரில் கை வைத்தபடி கணவர். ஓரத்தில் ஒரு முழங்கை, அது அக்காவுடையது. கீழே கணவர் பேரும், "மனைவியின் ஒத்துழைப்புடன்" என்ற வரியும். எங்கள் முதலாளி பெருமையாக அதைக் கத்தரித்து லேப் நோட்டீஸ் போர்டில் குத்திவைத்தார். அக்கா வந்ததும் பின்னைப் பிடுங்கிக் காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தார். அன்று மத்தியானமே சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். திருத்தம் போடுங்கள், கோப்பையில் இருக்கும் பெயரை மாற்றுங்கள் என்று இரண்டே விஷயம்.

பதில் வந்தது. உரிமை கோரும் அம்மையாரின் தொழில்நுட்ப அறிவைச் சோதித்து உறுதிப்படுத்திக்கொள்ள மூன்று பேர் குழு நேரில் வருமாம்.

நான் புத்தியில்லாமல், வரட்டுமே அக்கா, நீங்கள்தான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்களே என்றேன். அக்கா கையில் இருந்த பல் மாடலை மேஜையில் வைத்தார்.

"அவருக்குப் பரீட்சை வச்சாங்களா? ஒரு கேள்வி? ஆம்பளையா பக்கத்துல நின்னாரு, பாஸாயிட்டாரு. நான் மட்டும் எழுதிக் காட்டணுமா?"



ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த நடுவரும் இன்னும் இருவரும் வந்தார்கள். அக்கா என்னையும் வரச் சொல்லியிருந்தார். போர்ட்டிகோவில் காரின் இன்ஜின் மூடி திறந்திருந்தது. அந்த ஸ்டூலில் கணவர் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அன்று காலையில்தான் அக்கா அவரிடம் விஷயத்தைச் சொன்னாராம். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சட்டை மாற்றப் போய்விட்டாராம்.

"கேள்வி கேக்கணும்னா இவர்கிட்ட கேளுங்க" என்றார் அக்கா. "பரிசு வாங்கினவரு இவர்தானே."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வால்வு இடைவெளி எவ்வளவு வைத்தீர்கள் என்று கேட்டார். கணவர் எண்ணைச் சரியாகச் சொன்னார். கையேட்டை ஏழு வருடம் படித்தவராயிற்றே. நடுவர் முகம் மலர்ந்தது. கணவர் அக்காவைப் பார்த்தார். பிறகு, "அது புத்தகத்துல நூத்துப் பன்னெண்டாம் பக்கத்துல இருக்கு சார். கையால எப்படி வைக்கிறதுன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

பிரேக் சிலிண்டரை எப்படிப் பிரித்தீர்கள் என்றார்கள். தெரியாது என்றார். இரண்டு கார்புரேட்டரையும் எப்படிச் சமன்படுத்தினீர்கள். தெரியாது. தரையில் எத்தனை இடத்தில் ஒட்டு. தெரியாது. ஒவ்வொரு தெரியாதுக்கும் அவர் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. வந்தவர்கள் முகத்தில்தான் ஈயாடவில்லை. ஒன்பது கேள்விக்கு மேல் அவர்களால் கேட்க முடியவில்லை.

நடுவர் அக்காவிடம் திரும்பி, அப்படியானால் நீங்கள் சொல்லுங்களேன் என்றார்.

"சொல்லமாட்டேன்" என்றார் அக்கா. உள்ளே போய்ப் பதிவுப் புத்தகத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். "வண்டி என் பேர்ல. வேலை உங்க கண்ணு முன்னாடி நிக்குது. நீங்க இன்ஜினியர்தானே, பாருங்க."

கணவர் அங்கேயே ஒரு தாளில், நான் படித்துச் சொன்னேன், விளக்குப் பிடித்தேன், வேறொன்றும் செய்யவில்லை, மேடையில் உண்மையைச் சொல்லாதது என் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு நூலகத்தில் வாழ்த்துச் சொன்னவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் இதையே சொன்னார் என்று கேள்விப்பட்டேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை.

திருத்தம் இரண்டு மாதம் கழித்து வந்தது. கடைசிப் பக்கத்தில், விற்பனைக்கு இருக்கும் உதிரி பாகங்களுக்கு நடுவில், பொடி எழுத்தில். "பரிசு பெற்ற வாகனத்தைப் புதுப்பிக்கும் பணியில் அவருடைய மனைவியும் பங்கேற்றார்." அக்கா அதை லேபுக்குக் கொண்டு வந்து என் மேஜையில் வைத்து, ஒரே இடத்தில் விரலை ஊன்றினார்.

"மனைவியும். இந்த 'உம்' எதுக்கு? நான்தானே செஞ்சேன். கூட வேற யாரு?"

பல் மாடலில் குறி போடுகிற சிவப்புப் பென்சிலால் அந்த 'உம்'மை வட்டம் போட்டார். பக்கத்தைக் கோப்பையோடு சேர்த்துக் கட்டிச் சங்கத்துக்கே அனுப்பிவிட்டார். வைத்துக்கொள்ளலாமே, உழைத்து வாங்கியதுதானே என்று நாங்கள் சொன்னோம். தப்பான பேர் போட்ட பல் செட்டை நாம் டெலிவரி செய்வோமா என்று கேட்டார். இன்றுவரை சங்கத்திலிருந்து ஒரு பதிலும் இல்லை. கோப்பை அவர்களிடம்தான் இருக்கிறது.

ஆனால் இந்த வருடக் கண்காட்சிக்கு அழைப்பு மட்டும் தவறாமல் வந்தது. கணவர் பேருக்கு. அவர் உறையைப் பிரிக்கவே இல்லை. "இந்த விலாசத்தில் இப்பெயரில் கார் உரிமையாளர் எவரும் இல்லை" என்று அழகான கையெழுத்தில் மேலே எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். கோபம் போய்விட்டதா என்று நான் கேட்டதற்கு, அதெப்படிப் போகும் என்றார். ஆனால் பரிசு வாங்கிய நாளுக்குப் பிறகு அந்தக் காரில் ஏறாத மனிதரை மறுநாள் காலையில் அக்காவே அதில் ஏற்றிக்கொண்டு போய் நூலக வாசலில் இறக்கிவிட்டார். அதனால் லேபுக்குக் கால்மணி நேரம் தாமதம். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல் அவரைக் கண்டுகொள்ளாமல், முந்தின நாள் தள்ளி வைத்த கடைவாய்ப் பல்லை எடுத்து மறுபடி ஆரம்பித்தார்.