தாழ்த்திய டிரெய்லர்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலற்றுப் போனது தொண்ணூறுகளின் நடுவில். துடியலூருக்கு வடக்கே எங்கள் வீடு. தோட்டம் இட்டேரிக்குள் தள்ளி இருந்தது. முள்வேலிகளுக்கு நடுவே ஓடும் அந்த மண்தடத்தில் கார் போகாது; டிராக்டர்தான் போகும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: தோட்டத்தைப் பார்க்க வேண்டும். டிரைவரும் இன்னொரு ஆளும் கக்கத்தில் கைகொடுத்து அவரை டிரெய்லரில் தூக்கி ஏற்றினார்கள். இழுத்த இழுப்பில் வேட்டி அவிழ்ந்துவிட்டது. வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். இறக்கிவிடச் சொல்லிவிட்டார்.

மறுநாளே டிரெய்லரைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஸ்பிரிங் பட்டைக்குக் கீழே இருக்கும் அச்சை மேலே மாற்றிப் பூட்டி, சின்னச் சக்கரம் போட்டால் தளம் இறங்கும் என்றார் பட்டறைக்காரர். ஆனால் பாரம் ஏற்றினால் டயர் அடித்தளத்தில் உரசுமாம். பாரம் ஏற்றப்போவதில்லை, ஆள்தான் ஏற வேண்டும் என்றேன்.

வண்டி வந்தது. பின்கதவைத் திறந்துவிட்டதும் விளிம்பில் உட்கார்ந்து, இடது கையால் கம்பியைப் பிடித்து, அவரே உடம்பை உள்ளே நகர்த்திக்கொண்டார். படுக்கையில் விழுந்த பிறகு அன்றுதான் சிரித்தார்.

தோட்டத்தில் மஞ்சள் செழித்து நின்றது. எப்போது எரு வைத்தது, மோட்டாரை யார் போடுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மகிழ்வார் என்று நினைத்து எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் பேச்சு குறைந்தது. "போலாம் கண்ணு" என்றார்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகு சொன்னார்: "இனி என்னையக் கூப்புடாத அம்மணி. நான் இல்லாமயே எல்லாம் நல்லாத்தான் நடக்குது."

பிறகு எத்தனை முறை அழைத்தும் இன்னொரு நாள் என்றே தட்டிக்கழித்தார். மஞ்சள் வெட்டு நெருங்கியபோது அவராகவே என்னைக் கூப்பிட்டார்.

"வண்டிய மறுபடி உசத்திப்போடு. மூட்டை ஏத்தோணுமல்ல?"

"அப்பறம் நீங்க எப்படி ஏறுவீங்க?"

"மஞ்சள் ஏறட்டும்."

அதே பட்டறையில் அச்சைப் பழையபடி கீழே மாற்றினேன். காய்ந்த மஞ்சள் மூட்டைகள் வீடு வந்த அன்று அவர் வாசலில் நாற்காலியில் இருந்தார். ஒரு விரலி மஞ்சளை ஒடித்துத் தரச் சொல்லி, உள்நிறத்தை வெகுநேரம் பார்த்தார். நன்றாக வந்திருக்கிறது என்றார். அடுத்த நடவுக்கு முன்பே போய்விட்டார்.