குட்டைக்கால் மான்கள்

வீட்டுக்கு யார் வந்தாலும் நஜ்முன் நிஸா முதலில் அவர்களுடைய காலைத்தான் பார்ப்பாள். அவள் கல்யாணம் முடித்துத் திருகோணமலை ஜமாலியாவுக்கு வந்த நாளிலிருந்தே இதைக் கவனித்து வருபவள் அவளுடைய கணவனின் தங்கை ரிஸ்லா. அடக்கமான பிள்ளை என்று முதலில் நினைத்தாளாம். அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை, முகத்தைப் பார்த்தால் பதில் சொல்ல வேண்டி வருமே என்ற பயம்தான் என்று பிறகு கண்டுபிடித்துவிட்டாள். நஜ்முன் நிஸா அதை மறுத்ததில்லை. மறுப்பதென்றாலும் வாயைத் திறக்க வேண்டுமே. மீன்காரரைத் தெருவில் கண்டால் அவளுக்கு அடையாளம் தெரியாது. பெருவிரல் நகம் கறுத்த கால் வாசலில் நின்றால் மட்டும் மீன்காரர் என்று தெரியும்.

ஆண்டு எட்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பின்னல் வேலையைப் போனில் படம் பார்த்துப் படித்தாள். படம் கேள்வி கேட்காது என்பதால் அது சுலபமாக வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னர், திருகோணமலை நகரத்துப் பின்னல்காரப் பெண்களின் வட்ஸ்அப் குறூப்பில் மகள் சப்ரினா அவளைச் சேர்த்துவிட்டாள். கந்தோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கமலாதேவி நடத்தும் குறூப் அது. விடிந்தால் பொழுதுபட்டால் அங்கே ஒரே கதை. நஜ்முன் நிஸா ஒரு சொல்லும் சொன்னதில்லை. நல்லது கெட்டது எதற்கும் பெருவிரல் படத்தை அழுத்திவிட்டுப் போனை வைத்துவிடுவாள். அங்கே அவளுடைய பெயர் ஒருவருக்கும் தெரியாது. ஒருமுறை யாரோ ‘அந்தப் பெருவிரல்’ என்று அவளைக் குறிப்பிட்டார்கள். அதற்கும் அவள் பெருவிரலையே அழுத்தினாள்.

இந்த வருடம் பங்குனியில் கமலாதேவி ஒரு போட்டி வைத்தார். நோர்வேயில் இருக்கும் அவருடைய மகள் பூவேலை போட்ட காலுறைப் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். அதைப் போல இரண்டு நிற நூலில், ஆளுக்கொரு சோடிக் காலுறை பின்ன வேண்டும். பின்னல் கோலம் சொந்தமாக இருக்க வேண்டும். நம்முடைய ஊரில் உள்ள ஏதாவதொன்று அதில் வர வேண்டும். மாதக் கடைசி நாள் பின்னேரத்துக்குள் காலில் போட்டுப் படம் எடுத்து, இன்னதுதான் இது என்று குரலில் சொல்லி அனுப்ப வேண்டும். தார் றோட்டில் செருப்பே வேகும் ஊரில் கம்பளிக் காலுறை எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

நஜ்முன் நிஸா அதை இரண்டு தரம் வாசித்தாள். கால் சம்பந்தப்பட்ட போட்டி. பிறந்ததிலிருந்து அவள் பார்த்து வருவது கால்களைத்தான். இதிலும் பேசாவிட்டால் இந்த வாய் சோறு தின்ன மட்டுமே என்று முடிவு கட்டலாம். ஒரு முறையாவது தன் குரலில், இது நான் செய்தது என்று சொல்லிவிட வேண்டும்.

மான் பின்னுவதென்று தீர்மானித்தாள். நகரத்துக்குள்ளேயே திரிந்து பஸ் நிலையத்துப் பக்கம் குப்பை மேயும் மான்களை அவள் எத்தனையோ தரம் கண்டிருக்கிறாள். சப்ரினாவின் சதுரக் கொப்பியில் ஒரு கட்டத்துக்கு ஒரு பின்னல் கண்ணி என்று கணக்கு வைத்துக் கீறினாள். கால்கள் அழகாக வந்தன. முழங்கால் மடிப்பு, குளம்பு, எல்லாம். கொம்புதான் நினைவில் இல்லை. அவ்வளவு மேலே அவள் பார்த்ததில்லை. குட்டியாக இரண்டு புள்ளி வைத்து விட்டாள்.

நீல நூலில் மண்ணிற மான்கள். ஒரு நூலைப் பின்னும்போது மற்ற நூலை உட்புறமாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். வியர்வையில் நூல் விரலில் ஒட்டியது. போட்டி முடிகிற நாள் காலையில்தான் இரண்டாவது காலுறை முடிந்தது. இரண்டையும் போட்டுக்கொண்டு காற்றாடிக்கு முன்னால் காலை நீட்டிக் கதிரையில் இருந்தபோது ரிஸ்லா வந்தாள். வந்தவள் அன்றைக்கென்று காலைப் பார்த்தாள்.

“மச்சி, கேட்டாக் கோவிக்கப்படாது. இதென்ன, பண்டியா?”

நஜ்முன் நிஸா குனிந்து பார்த்தாள். கொப்பியில் நெடுநெடுவென்று நின்ற மானின் கால்கள் நூலில் அரைவாசியாகக் குறுகிப் போயிருந்தன. வயிறு பெருத்திருந்தது. கொம்புப் புள்ளிகள் காதாகிவிட்டன. கொழுத்த பன்றிகள் ஒன்றன் பின் ஒன்றாக அவளுடைய கணுக்காலைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன.

“நம்மட ஊட்டுக்குள்ள பண்டி. அதுவும் ரெண்டு காலிலயும்” என்று ரிஸ்லா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நஜ்முன் நிஸா ஊசியை எடுத்துக் கொம்புகளை மேலால் தைத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தால் வந்த சப்ரினா உற்றுப் பார்த்துவிட்டு, “இப்ப கொம்பு வெச்ச பண்டி, உம்மா” என்றாள். காலுறைகள் அலுமாரியின் அடித்தட்டுக்குப் போயின. குரல் கொடுக்கும் ஆசையும் கூடவே போய்ப் படுத்துக்கொண்டது.

பின்னேரம் குறூப்பில் மற்றவர்களின் படங்கள் வரத் தொடங்கின. கமலாதேவியின் மணிக்கூட்டுக் கோபுரம் சோறு சமைக்கும் குக்கர் மாதிரி இருந்தது. ஜெயரூபி என்பவரின் தென்னை மரம் முட்டைக்கோவா மாதிரி இருந்தது. எல்லாம் நிலத்தோடு குந்திக்கொண்டிருந்தன. ஆனால் எல்லாருக்கும் எல்லாரும் ‘சூப்பர்’ போட்டார்கள். நஜ்முன் நிஸாவின் பெருவிரல் வழக்கம்போல எழும்பியது. அழுத்த மாட்டேன் என்று நின்றுவிட்டது.

அலுமாரியைத் திறந்தாள். காலுறைகளைப் போட்டாள், படம் எடுத்தாள், அனுப்பினாள். மூச்சை இழுத்துக்கொண்டு போனை வாயருகே பிடித்தாள்.

“இது மான். எங்கட ஊட்டுல பண்டி எண்டு சொல்றாங்க. கமலாதேவி அக்காட கோபுரமும் குக்கர் மாதிரித்தான் குந்தி இருக்கு. தென்னை மரம் கோவா மாதிரி இருக்கு. அதால என்ட மானும் இருக்கட்டும்.”

விரலை எடுத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுடைய காதில் விழுந்தது. இரண்டு வருடம் பொத்தி வைத்த வாய், திறந்ததும் குறூப்பின் தலைவியையே கடித்துவிட்டது. அழித்துவிடச் சொல்லிச் சப்ரினாவைக் கூப்பிட்டாள். அவள் வருவதற்குள் கமலாதேவி கேட்டுவிட்டார் என்று போன் காட்டியது. குறூப்பை விட்டுப் போவதா, ஊரை விட்டே போவதா என்று நஜ்முன் நிஸா யோசித்துக்கொண்டிருந்தபோது கமலாதேவியின் குரல் வந்தது. முதலில் வெறும் சிரிப்பு. அதற்குப் பிறகுதான் பேச்சு.

“எங்கட வீட்டுக்காரரும் குக்கர் எண்டுதான் சொன்னவர். ரெண்டு நாள் நான் அவரோட கதைக்கேல்ல. பிழை என்னிலதான். கண்ணி அகலம் கூட, உயரம் குறைவு. சதுரக் கொப்பியில கீறினா எல்லாம் அமத்தின மாதிரித்தான் வரும். அதை நான் சொல்ல மறந்திட்டன். அது சரி பிள்ளை, நீங்கள் ஆர்?”

நஜ்முன் நிஸா காலுறைகளைப் பார்த்தாள். மான்கள் உதவவில்லை.

“நான்தான் அந்தப் பெருவிரல். பேர் நஜ்முன் நிஸா” என்றாள்.

பரிசு ஜெயரூபியின் கோவாவுக்குக் கிடைத்தது. இப்போதெல்லாம் யாராவது புதிதாக ஒன்றைப் பின்னிப் படம் போட்டால், இது என்ன மாதிரிக் கிடக்கு என்று நிஸாவைத்தான் கேட்கிறார்கள். அவளும் குரலிலேயே பதில் சொல்கிறாள். ஆள் நேரில் வந்தால் இன்னமும் காலைத்தான் பார்க்கிறாள். காலுறைகள் அலுமாரியில் இருக்கின்றன. அவற்றை ஒருவரும் போடுவதில்லை.