புத்திக்கு வயது சொன்ன ஞானாபரணம் ஐயா

ஞானாபரணம் ஐயா காலமான செய்தியை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த காலை பஸ்ஸின் டிரைவர்தான் எங்கள் வத்திராயிருப்புப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். நான் கரும்பலகையில் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். கணக்கை முடித்துவிட்டுத்தான் சாக்கட்டியைக் கீழே வைத்தேன். மறுவாரம் அவருடைய பழைய மாணவர்கள் வந்து, அஞ்சலி மலருக்கு நானும் எழுத வேண்டும் என்றார்கள். "ஐயா கைபட்டு மேல வந்தவுக நீங்க. நீங்க எழுதாட்டா எப்படி டீச்சர்?" அந்தக் கைபட்ட கதையைத்தான் எழுதுகிறேன். அச்சில் ஏற்றுவதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் பாடு.

ஐயா ஸ்ரீவில்லிபுத்தூரில் தலைமை ஆசிரியர். சென்னைக்குப் போய் மனோதத்துவம் படித்துவிட்டு வந்தவர். முரண்டு பிடிக்கிற, படிப்பு ஏறாத, வளர்ந்த பிள்ளைகளை சனிக்கிழமைதோறும் தன் ராஜபாளையத்து வீட்டில் வைத்துச் சோதிப்பார். குடும்பம் மொத்தமும் கூட வந்து உட்கார வேண்டும் என்பது அவர் சட்டம். மேஜை மேல் மரக்கட்டைகளும் படச் சீட்டுகளும் இருக்கும். கையில் நிறுத்தி ஓட்டுகிற கடிகாரம். "கடியாரத்துக்குச் சொந்தபந்தம் கிடையாது" என்று பெருமையாகச் சொல்வார். அவருக்கும் கிடையாது என்பது அந்த வீட்டுக்குப் போய் வந்த பிள்ளைகளுக்குத் தெரியும்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எரிச்சலில் எழுதினாள் என்பீர்கள். எரிச்சலில்தான் எழுதுகிறேன், அது வேறு. வீட்டை விட்டு அடிக்கடி ஓடிப்போன பையனை ஒரு பஞ்சு வியாபாரி அவரிடம் இழுத்து வந்தார். ஐயா விசாரித்துவிட்டு, "பையனுக்குச் சீக்கு இல்ல. ஒம்ம வீட்டுக்குத்தான் சீக்கு. மொதல்ல அந்த பெல்ட்டைத் தூரப் போடும்" என்றார். வியாபாரி போட்டார். ஊரில் வேறு யாருக்கும் அவரிடம் அப்படிப் பேசுகிற துணிச்சல் கிடையாது.

என் கதைக்கு வருகிறேன். அத்தை மகனுக்கு என்னை நிச்சயம் செய்தபோது எனக்குப் பதினைந்து வயது. அன்றோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். நான் பேச்சை நிறுத்தினேன். பேய் என்று கோடாங்கியிடம் கொண்டுபோய் வேப்பங்குழையால் அடித்துப் பார்த்தார் அப்பா. அதற்கும் நான் வாய் திறக்காததால் ஐயாவிடம் கூட்டிப்போனார். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். கேட்பதற்கெல்லாம் டக்கென்று பதில் சொன்னால், இவள் படிக்க வேண்டிய பெண் என்று அப்பாவிடம் எடுத்துச் சொல்வார் என்று நம்பினேன்.

எதிரே அப்பா, அம்மா, அத்தை, அத்தை மகன். ஐயா கடிகாரத்தை அமுக்கினார். "இந்த ரூம்ல இருக்கவுக பேரையெல்லாம் சொல்லு." மற்றவர்கள் பெயரைச் சொல்லிவிட்டு நின்றேன். கட்டிக்கொள்ளப் போகிறவன் பெயரை, அதுவும் அவனைப் பெற்றவள் முன்னால், எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்வாள்? ஐயாவின் மனைவியே அவரை "ஸ்கூல்காரக" என்றுதான் சொல்வார். பக்கத்து அறையில் அந்த அம்மா அப்படிச் சொல்லுகிற குரல் கேட்டுக்கொண்டிருந்தபோதே, "அத்தை மகன் பேர் தெரியவில்லை" என்று ஐயா வாய்விட்டுச் சொல்லி எழுதிக்கொண்டார். அதன்பின் கட்டையை அடுக்கச் சொன்னார், கை ஓடவில்லை. படத்தைக் காட்டினார், அத்தை உதட்டைப் பிதுக்குவதுதான் தெரிந்தது.

"இவளுக்கு வயசு பதினஞ்சு. புத்திக்கு வயசு எட்டு. படிப்பு ஏறாது, வீட்டு வேலை பழக்குங்க" என்றார் ஐயா. அத்தை அங்கேயே எழுந்துவிட்டாள். "மந்தத்தை எந்தலையில கட்டப் பாத்தியாலே?" என்று அப்பாவைக் கேட்டுவிட்டு மகனோடு போய்விட்டாள். நிச்சயம் முறிந்தது. பள்ளிக்கூடமும் இல்லை. தெருவில் எனக்கு 'எட்டு' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வருடம் கிணற்றடிக்குக்கூட நான் தனியாகப் போகவில்லை.

காப்பாற்றியது அம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவள், ஒருநாள் என்னை இழுத்துக்கொண்டு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். "எட்டு வயசுப் புள்ளைன்னு பெரிய படிப்பு படிச்சவுக சொல்லிட்டாக. எட்டு வயசுக்கு எந்த கிளாஸோ அதுல ஒக்கார வையுங்க" என்றாள். தாவணி கட்டிக்கொண்டு மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தேன். கூசிக் கூசித்தான் உட்கார்ந்தேன். அங்கிருந்து மளமளவென்று வகுப்பு தாண்டி, டிரெயினிங் முடித்து, டீச்சரானேன்.

அப்புறம் ஐயா என்ன செய்தார் தெரியுமா? மேடைக்கு மேடை என்னைக் காட்டி, "எட்டு வயசுப் புத்தியோட எங்கிட்ட வந்த பொண்ணு" என்று தன் வைத்தியத்துக்குச் சாட்சியாக நிறுத்தினார். நீங்களும் கைதட்டினீர்கள். பொறுக்க முடியாமல் ஒருமுறை மேடையிலிருந்து இறங்கியதும், அன்றைக்கு ஏன் பெயர் சொல்லவில்லை என்று அவரிடமே சொன்னேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே, அம்மா?"

"சொல்ல முடிஞ்சா பேரையே சொல்லியிருப்பேனே, ஐயா."

சிரித்தார். என் தோளைத் தட்டிவிட்டு, "சோதனை தப்பாது. நீ கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தே" என்றார். மன்னிக்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் அன்று போயிருந்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு முடியவில்லை. செத்த பிறகும் முடியவில்லை.

போன வாரம் கூமாப்பட்டிக்காரர் ஒருவர் மகளைக் கூட்டி வந்தார். பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். இரண்டு வருடமாகப் பரீட்சையில் தேறவில்லையாம். அவள் தலையைக் குனிந்து நின்றாள்.

"இது தேறுமா தேறாதா? ஒரே வார்த்தையில சொல்லிருங்க டீச்சர். தேறாதுன்னா தோப்பு வேலைக்கு அனுப்பிருதேன்."

"தெரியலைங்க" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "ஞானாபரணம் ஐயாவா இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பாக."

"ஆமா, சொல்லியிருப்பாக. எனக்குத் தெரியலை. விட்டுட்டுப் போங்க, கூட இருந்து பாக்கேன்."

'தெரியலை' என்பது ஐயா வாயிலிருந்து ஒருநாளும் நான் கேட்காத வார்த்தை. அவர் நினைவாக அதைத்தான் வைத்திருக்கிறேன். தகப்பன் முனகிக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார். அந்தப் பெண் தலையைத் தூக்கி, "எந்தக் கிளாஸ்ல ஒக்காரணும் டீச்சர்?" என்று கேட்டாள்.