அத்தை போட்ட தக்காளி

கையில் எது கிடைத்தாலும் அத்தை முதலில் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பாள். காகிதப் பை, கல்யாணப் பத்திரிகை, துவைத்த துணி, எதையும் விடமாட்டாள். கொட்டகையில் தொங்கும் புகையிலை எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று முப்பது வருடம் கன்னத்தால் சொன்னவள். அண்ணன் மகள் பட்டச் சான்றிதழை நீட்டியபோதும் அப்படித்தான் செய்தாள். "இன்னும் ஈரமாத்தான் இருக்கு," என்றாள்.

அந்தச் சான்றிதழால் அண்ணன் மகளுக்கு விவசாய அலுவலகத்தில் வேலை கிடைத்தது. புகையிலை போடுகிறவர்களைக் காய்கறிக்கு மாற்றி, பக்கத்துச் சந்தையிலேயே விற்க வைக்க வேண்டும். தெருவில் ஒருவரும் காது கொடுக்கவில்லை. "புகையிலைக்கு வர்ற மாதிரி உன் தக்காளிய ஏத்திக்கிட்டுப் போக கம்பெனி லாரி வருமா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். அத்தை மட்டும் திட்டிக்கொண்டே தன் அரை ஏக்கரைக் கொடுத்தாள். அவளுக்கு இருந்தது அவ்வளவுதான்.

தக்காளி நாற்று நட்ட பதினைந்தாம் நாள் இலைகளில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு விழுந்தது. நுனி சுருண்டது.

அண்ணன் மகளுக்குக் காரணம் தெரியும். நடும்போதே தெரியும். அத்தை பகலெல்லாம் கொட்டகையில் கூலிக்குப் புகையிலையைக் குச்சிகளில் கட்டிவிட்டு, அந்தப் பிசுக்குக் கையோடு வந்து நாற்றைப் பிடித்தாள். புகையிலையின் நோய் கை வழியாகத் தக்காளிக்குப் போகும். கழுவிவிட்டு வாருங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்தக் கையின் கூலியில் படித்தவள். அதை மரியாதை என்று நினைத்திருந்தாள். வெறும் பயம்தானோ என்று இப்போது தோன்றியது. அத்தையிடம் சொல்லிவிட்டாள்.

"தெரிஞ்சே வாய மூடிட்டு நின்னியா?"

"உங்க கைய எப்படி அத்தே கழுவச் சொல்றது?"

"செடி செத்ததும் சொல்ல வருதில்ல? படிச்சதெல்லாம் பரீட்சையில கொட்டறதுக்குத்தானாடி?"

செடிகளைப் பிடுங்கி எரித்தார்கள். நிலத்தின் மறுகோடியில் புது நாற்று வைத்தார்கள். ஆனால் பொதுக்கிணற்றில் அத்தையின் தண்ணீர் முறை தீர்ந்திருந்தது. அத்தை கூலிக்குப் போகும் கொட்டகைக்காரரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

"என் முறையில நாலு நாள் தண்ணி தரேன். இலை ஒடிக்கும்போது நீ நாலு நாள் சும்மா வந்து கட்டணும்," என்றார் அவர்.

"வரேன்யா. என் வாக்கு என்ன உன் தராசா, இப்படியும் அப்படியும் ஆடறதுக்கு?"

செடி பிழைத்தது. சந்தையில் அத்தை வாங்க வந்தவர்களையும் திட்டியே விற்றாள். "அமுக்காத! வாங்கிட்டுப் போய் உன் வீட்ல அமுக்கு!" கூடை காலியாகித்தான் திரும்பும்.

காய்ப்பு உச்சத்தில் இருந்தபோது கொட்டகைக்காரர் வரப்பில் வந்து நின்றார்.

"இலை குவிஞ்சு கிடந்து வேகுது. வரியா, இல்லையா?"

"உன் இலையத் தொட்டா என் செடி போயிடும்னு இவ சொல்றா."

"என் தண்ணியக் குடிச்சப்ப போகலியா?"

அத்தை குனிந்து ஒரு காயைத் திருப்பிப் பார்த்தாள். கூலிக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னாள்.

"வாக்குக் கொடுத்தது நீ. கட்ட வேற ஆளா?"

"நான் வரேன், சித்தப்பா," என்றாள் அண்ணன் மகள். "இந்தச் செடிப் பக்கமே போகமாட்டேன்."

"நீ ஒரு குச்சி கட்டறதுக்குள்ள எனக்கு அறுபதாயிடும். ஒரு குடும்பத்த மாத்தினது போதும், போ."

பாதிக் குவியல் அழுகியது. கடைசித் தக்காளிப் பறிப்பு முடிந்த அன்றே அத்தை கொட்டகைக்குப் போனாள். உள்ளே வெறும் குச்சிகள். "அடுத்த வருஷம் வா," என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வருடமும் இலையும் காயும் ஒன்றாகவே வந்தன. அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். அண்ணன் மகள் ஒருமுறைகூட "போங்க அத்தே" என்று சொல்லவில்லை.

ஆறாம் வருடம் அத்தை இறந்தாள். கொட்டகைக்காரர் வந்தார். உள்ளே வரவில்லை.

"நாலு நாள் பாக்கி வச்சிட்டுப் போயிட்டா," என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.