ரெண்டு டெம்பரேச்சர் ஆயில்

மோட்டார் சைக்கிளுக்கு எந்த ஆயில் ஊற்றுவது என்ற விஷயத்தில் காரைக்கால் வட்டாரத்தில் என்னை விஞ்ச ஆள் கிடையாது என்று சொன்னால் என் வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயங்கள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் என்ன எண் போட்டிருக்கிறதோ, அந்த எண். காருக்கு ஊற்றுவது எவ்வளவு ஒசத்தியானாலும் பைக்குக்கு ஆகாது. பைக்கில் கிளட்சும் அதே எண்ணெயில்தான் முங்கிக் கிடக்கிறது, வழுக்க ஆரம்பித்துவிடும். கடையில் "செமி சிந்தெடிக்கா சார், ஃபுல் சிந்தெடிக்கா?" என்று கேட்கும் இளைஞரிடம் இதையெல்லாம் விளக்குவேன். பாதியில் அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்.

இந்த ஞானம் எனக்குச் சும்மா வரவில்லை. பத்து வயதில் ஒரு எஞ்சினைக் கொன்று பெற்றேன்.

சித்தப்பாவின் கல்யாணத்தில் அவருக்கு மாமனார் வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்தார்கள். நெடுங்காடு பக்கம் எங்கள் கிராமத்தில் அதுவரை ஓடிய வண்டிகள் எல்லாம் பெட்ரோலில் ஆயிலைக் கலந்து குடித்துவிட்டு, புகை கக்கிக்கொண்டு போகிற ஜாதி. இது புது மாதிரி. ஆயிலைத் தனியாக வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும், புகையே விடாது. நடவு வயலில் நின்றவர்கள்கூட வரப்புக்கு வந்து, புகை வரவில்லையே, வண்டிக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

மாமனார் காரைக்கால் டவுனில் இருந்தார். மாப்பிள்ளை வந்து இறங்கியதும் முதலில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்ப்பார். கண்ணாடியில் தூசி இருக்கிறதா, செயின் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மாப்பிள்ளையின் சௌக்கியம். "பொண்ண எப்புடி வச்சிருக்காருன்னு வண்டியப் பாத்தாலே தெரிஞ்சிரும்" என்று ஒரு தடவை எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து சித்தப்பா அந்த வண்டியைப் பரீட்சைத் தாளைப் போலக் கையாள ஆரம்பித்தார். எந்த மெக்கானிக்கும் அதில் கை வைக்கக்கூடாது, எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன் என்று மாமனாரிடம் வாக்கும் கொடுத்துவிட்டார்.

முதல் ஆயில் மாற்றும் நேரம் வந்தது. சந்தேகம் கேட்பதற்காக மட்டும் கடைத்தெரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் புத்தகத்தைப் புரட்டி, 20W-40 என்ற எண்ணைக் காட்டினார். மொதல் நம்பர் குளுருக்கு, ரெண்டாவது சூட்டுக்கு, ரெண்டையும் தாங்குறது இது, வேற எதையும் ஊத்தாதீங்க என்றார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். ஐந்தாம் வகுப்பில் ஆங்கிலத்திலும் அறிவியலிலும் நான்தான் முதல் மார்க். அப்படிப்பட்டவனிடம் அரைகுறைத் தகவல் கிடைப்பது எவ்வளவு ஆபத்து என்று மெக்கானிக்குக்குத் தெரிய நியாயமில்லை.

ஆனால் சித்தப்பாவுக்குக் கடையில் விற்கிற ஆயில் பிடிக்கவில்லை. அவர் மனத்தில் வேறொன்று இருந்தது. சித்தியின் பெரியப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. பிரான்சிலேயே குடியிருந்தவர், வருஷத்துக்கு இரண்டு மாதம் காரைக்காலில் தம்பி வீட்டில், அதாவது சித்தப்பாவின் மாமனார் வீட்டில், வந்து தங்குவார். அவருடைய பழைய மொபெட் ஒன்று அங்கே துணி போர்த்திக்கொண்டு அவருக்காகக் காத்திருக்கும். அதற்கான ஆயிலைக்கூட அங்கிருந்தே டின்னில் கொண்டுவருவார். அந்த டின்களில் ஒன்றின் மேல்தான் சித்தப்பா கண் வைத்திருந்தார். பிரான்ஸ் ஆயில் ஓடுகிற வண்டி என்றால் மாமனார் இரண்டு சுற்றுச் சுற்றிவந்து பார்க்கலாம்.

கேட்கப் போனபோது நானும் கூட இருந்தேன். பெரியவர் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒங்க மோத்தோ தெ தான் தானே மாப்புள?" என்று கேட்டார்.

சித்தப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரியாது என்று சொல்கிற பழக்கமும் கிடையாது. "அதேதாங்க மாமா" என்றார்.

டின் எங்கள் கைக்கு வந்தது.

வீட்டில் அதை நடுக்கூடத்தில் வைத்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். எழுத்து எல்லாம் ஏ, பி, சி, டி. ஆனால் எந்த வார்த்தையும் ஆங்கிலமாக இல்லை. சித்தப்பா டின்னை என் பக்கம் தள்ளினார். பெரிதாக ஒரு 2, அதன் பக்கத்தில் டி, இ, எம், பி, எஸ். எனக்கு உடனே விளங்கிவிட்டது. டெம்ப்ஸ் என்றால் டெம்பரேச்சர், இடம் போதாமல் சுருக்கிவிட்டார்கள். ரெண்டு டெம்பரேச்சர். மெக்கானிக் சொன்ன அதே குளிரும் சூடும். இவ்வளவையும் நான் மூச்சு விடாமல் விளக்கினேன். அம்மா என் தலையைத் தடவினார். சித்தப்பா, இந்த வீட்டில் அறிவு ஒருவனுக்காவது வாய்த்திருக்கிறதே என்கிற மாதிரி அப்பாவைப் பார்த்தார்.

சித்தி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கூடத்தில் பேசுவது அபூர்வம். அது டெம்பரேச்சர் இல்லை போலிருக்கிறது, அந்த வார்த்தையைத் 'தான்' என்று படிக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் அதற்கு நேரம் என்று சொல்லிக்கொடுத்தார்கள் என்றார். டவுனில் பிரெஞ்சைப் பாடமாக எடுத்துப் படித்தவர்.

"அப்ப ரெண்டு நேரமா?" என்றார் அப்பா. "காலையில ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி. சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியாம்மா?"

கூடம் சிரித்தது. எல்லாரையும் விட அதிகம் சிரித்தவன் நான். தோற்ற போட்டியாளரிடம் காட்ட வேண்டிய பெருந்தன்மை எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

சித்தி சிரிக்கவில்லை. "எனக்கும் சரியாத் தெரியலைங்க" என்றார் சித்தப்பாவிடம். "பெரியப்பாவ ஒரு வார்த்த கேட்டுட்டு ஊத்தலாமே."

"கேட்டா இதுகூடத் தெரியலியான்னு நெனைக்க மாட்டாரா?"

சித்தி உள்ளே போய்விட்டார். சித்தப்பா ஸ்பேனரை எடுத்தார்.

பழைய ஆயில் கறுப்பாக வடிந்தது. புது ஆயில் ரோஸ் மில்க் நிறத்தில், தண்ணீரைப் போல ஓடி உள்ளே போயிற்று. இவ்வளவு நீர்த்திருக்கிறதே என்று அப்பா சந்தேகப்பட்டார். வெளிநாட்டுச் சரக்கு எல்லாமே லேசாகத்தான் இருக்கும், நம் ஆட்களுக்குத்தான் கெட்டியாக இருந்தால் திருப்தி என்றார் சித்தப்பா. வண்டியும் அவர் பக்கமே பேசியது. மூன்று நாள் பஞ்சு மாதிரி ஓடியது. நான் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து, இரண்டு டெம்பரேச்சரையும் என் சொந்தக் கண்டுபிடிப்பாக அனுபவித்துக்கொண்டு போனேன்.

நான்காம் நாள் மாங்கனித் திருவிழா. மாமனார் வீடு சாமி வருகிற வீதியிலேயே இருந்ததால், மாடியிலிருந்து மாம்பழம் இறைக்க எங்களையும் அழைத்திருந்தார்கள். ஆனி மாத வெயிலில் சித்தப்பா ஓட்ட, சித்தி பட்டுப்புடவையில் பின்னால், நான் முன்னால். டவுனுக்குள் நுழையும்போது கீழேயிருந்து ஆணி டப்பாவைக் குலுக்குகிற சத்தம் வந்தது. சித்தப்பா சத்தம் கேட்காதபடி வேகத்தைக் கூட்டினார். அடுத்த வளைவில் எஞ்சின் கிறீச்சென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்றது. பின்சக்கரம் இழுத்துக்கொண்டது. சித்தப்பா கிளட்சைப் பிடித்து எப்படியோ எங்களை விழாமல் நிறுத்தினார். கிக்கரை மிதித்தால் அது சுவரைப் போல நின்றது.

தள்ளிக்கொண்டு போனோம். வீதி முழுக்கக் கூட்டம். சாமி வந்துகொண்டிருந்தது. மாடிகளிலிருந்து மாம்பழம் பறந்தது. கீழே ஜனம் கையையும் முந்தானையையும் ஏந்தியது. சித்தப்பா மட்டும் கையை ஏந்த முடியாமல் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தார். ஒரு பழம் டேங்கின் மேல் விழுந்து உடைந்தது. பிள்ளை வரம் வேண்டி அந்தப் பழத்துக்காகவே வந்து நின்ற ஒரு பெண் அதைப் பார்த்துச் சித்தியிடம், "ஒனக்குத்தான் கெடச்சிருக்கு, எடுத்துக்கம்மா" என்றார். சித்தி எடுக்கவில்லை. பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினார்.

மாமனார் வாசலில் நின்றிருந்தார். வழக்கம் போல முதலில் வண்டியைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். மாடியிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். சொல்தா பெரியப்பா குனிந்து, ஆயில் மூடியைத் திருகி, குச்சியில் ஒட்டியிருந்த சொட்டை விரலில் தேய்த்து முகர்ந்தார்.

"இது நான் குடுத்ததில்ல? தெ தான்னா டூ ஸ்ட்ரோக்கு மாப்புள. பெட்ரோல்ல கலக்குறது. இத எஞ்சினுக்குள்ள ஊத்துனா தாங்குமா? அன்னக்கிக் கேட்டனே, அதேதான்னீங்களே."

சித்தப்பாவின் கழுத்திலிருந்து வேர்வை சட்டைக்குள் இறங்குவது எனக்குத் தெரிந்தது. மாமனார் என்ன கேட்கப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் வாயைத் திறந்தார்.

"நாந்தாம்ப்பா" என்றார் சித்தி. "இவங்க டின்ன எங்கிட்டதான் குடுத்தாங்க. நாந்தான் ரெண்டு டெம்பரேச்சர்னு தப்பாப் படிச்சுச் சொல்லிட்டேன்."

எனக்குப் பகீரென்றது. பயத்தினால் அல்ல. அது என் டெம்பரேச்சர். நான் படித்தது, நான் விளக்கியது, அம்மா தலையைத் தடவியது எனக்கு. அதை இவர் எப்படி எடுத்துக்கொள்ளலாம்? நானாக்கும் படித்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சித்தப்பா யாரோ கொடுத்த மாம்பழத் துண்டை என் வாயில் வைத்து அழுத்தினார்.

மாமனாரின் கோபம் மாப்பிள்ளையைத் தாண்டி மகளிடம் போயிற்று. அத்தனை வருஷம் பிரெஞ்சு படித்த லட்சணம் இதுதானா, மாப்பிள்ளை என்ன செய்வார் பாவம், படித்தவள் சொல்கிறாளே என்று நம்பிவிட்டார் என்று சத்தம் போட்டார். தப்பு தன் வீட்டுப் பெண்ணுடையது என்று ஆன பிறகு வேறு வழியில்லை. வண்டியைச் சரி செய்துதருவது தன் பொறுப்பு என்று அவரே சொல்லி, மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினார். சித்தி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

பெரியப்பா மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிரெஞ்சில் ஏதோ கேட்டார். சித்தி நிமிராமலே பிரெஞ்சில் பதில் சொன்னார், தட்டுத் தடுமாறாமல், எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் இதுவரை பேசிய எந்தத் தமிழ் வாக்கியத்தையும் விட நீளமாக. பெரியவர் சிரித்து, தலையை ஆட்டிக்கொண்டு கையைத் துடைத்தார். மற்றவர்களுக்குப் புரியவில்லை.

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். சித்திக்குப் பிரெஞ்சு தெரியாதென்று அவங்க வீட்டிலேயே ஒப்புக்கொண்டார்கள் என்று நான் வீட்டிலும் வகுப்பிலும் அறிவித்தேன். சித்தி காதிலும் விழுந்தது. அவர் எனக்கு இன்னொரு தோசை வைத்தார்.

அதன் பிறகு சித்தப்பாவின் போக்கு விசித்திரமாக மாறிவிட்டது. கூட்டுறவுச் சங்கத்து நோட்டீஸ், பூச்சிமருந்து டப்பா, ஆபீசிலிருந்து வருகிற கடிதம் என்று எது கைக்கு வந்தாலும் நேரே சமையலறைக்குப் போவார். "இது என்னன்னு கொஞ்சம் பாரேன்" என்று சித்தியிடம் நீட்டுவார். கூடத்தில் நான் ஆங்கிலத்தில் முதல் மார்க்கோடு சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை தப்பாகப் படித்து எஞ்சினையே கெடுத்த ஆளிடம் மறுபடி மறுபடி போய்ப் படிக்கக் கொடுக்கிறாரே, இவ்வளவுதானா இவர் புத்தி என்று, சித்தப்பாவை நினைத்து நான் ரொம்ப நாள் வருத்தப்பட்டேன்.